ஃபேர்கல் லோலருக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்தின் கிரான்பெரீஸ் இசைக்குழுவைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் இப்படி ஒரு குழுவுக்கு முழுப் பக்கம் ஒதுக்குவதே பெரிய விடயம், அதற்கு முதலில் நன்றி. பாடகி டொலோரஸ் ஓரியோர்டனின் குரலைப் பற்றி எழுதியிருந்த இடங்கள் மனதில் நின்றன. ஆனால் பக்கம் முழுக்கத் தேடியும் ட்ரம்ஸ் அடித்த ஃபேர்கல் லோலரின் பெயரைக் காணவில்லை. டொலோரசும் அவருடைய பின்னணி இசைக்கலைஞர்கள் மூவரும் என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன்.

அந்த மூவரும் பின்னணிக்கு அமர்த்தப்பட்ட ஆட்கள் கிடையாது. குழுவைத் தொடங்கியவர்களே அவர்கள்தான். 1989இல் லிமெரிக் நகரத்தில் நோயல் ஹோகன் கிற்றார், அவருடைய தம்பி மைக் பேஸ் கிற்றார், ஃபேர்கல் லோலர் ட்ரம்ஸ், நைல் குவின் என்பவர் பாட்டு என்று அது தொடங்கியது. ஃபேர்கல் 1971 மார்ச்சில் பிறந்தவர், அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. குவின் விலகிப் போன பிறகு, 1990இல்தான் டொலோரஸ் வந்து சேர்ந்தார். தாங்கள் உருவாக்கி வைத்திருந்த இசையை ஒலிநாடாவில் போட்டு அவரிடம் கொடுத்தனுப்பினார்கள், அவர் அதற்கு வரிகளும் மெட்டும் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அதுதான் பிறகு உலகம் முழுக்கப் போன ‘லிங்கர்’. அதாவது, ஏற்கெனவே இருந்த குழுவுக்குள் பாடகி வந்து சேர்ந்தார். இதைச் சொல்வதால் அவருடைய பெருமை ஒரு துளியும் குறையாது. மற்ற மூவருக்கும் உரியது அவர்களுக்குப் போய்ச் சேரும், அதுதான் வித்தியாசம்.

அந்தப் பிள்ளைகள் ஏறிவந்த பாதையும் லேசானதில்லை. 1991இல் ஐலண்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள், அதே வருடம் வந்த சிறிய இசைத்தட்டைப் பத்திரிகைக்காரர்கள் கிழிகிழி என்று கிழித்துவிட்டார்கள், முகாமையாளரோடும் ஒத்துவரவில்லை, அவரை நீக்கவேண்டி வந்தது. இருபது வயதில் இப்படி ஒரு அடி விழுந்தால் நம்மூர்க் குழுக்கள் பல அடுத்த திருவிழாவுக்கே கலைந்துபோய்விடும். இவர்கள் தாங்கிக்கொண்டு, ஸ்டீபன் ஸ்ட்ரீட் என்ற தயாரிப்பாளரோடு உட்கார்ந்து முதலாவது தொகுப்பை முடித்தார்கள். அது 1993 மார்ச்சில் வெளிவந்தபோதும் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் மற்றவர்களின் மேடைகளில் முன்னோட்டக் குழுவாக வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள், அங்கே ‘லிங்கர்’ பற்றிக்கொண்டது, பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியலில் எட்டாம் இடம் வரைக்கும் போனது. பிரித்தானியாவில் 1994இல் அதே தொகுப்பு முதலாம் இடத்துக்கு வந்தது, வெளிவந்து ஒரு வருடத்துக்கும் மேலே கழித்து.

இனி ‘ஸொம்பி’ பாட்டுக்கு வருகிறேன், உங்கள் கட்டுரையும் அதைத்தான் அதிகம் பேசியது. 1993 மார்ச் 20ஆம் திகதி இங்கிலாந்தின் வொரிங்டன் நகரில், சனிக்கிழமை சனம் கூடி நின்ற கடைத்தெருவில், வட அயர்லாந்தில் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த ஐஆர்ஏ என்ற ஆயுத இயக்கம் வைத்த குண்டுகள் வெடித்து இரண்டு பையன்கள் இறந்தார்கள். ஒருவனுக்கு மூன்று வயது, மற்றவனுக்குப் பன்னிரண்டு. அந்தக் கோபத்தில்தான் டொலோரஸ் பாட்டை எழுதினார். இதுவரை உங்கள் கட்டுரையிலும் இருந்தது. அதில் இல்லாத ஒன்றை டொலோரசே பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்: பல்லவியில் கிற்றாரின் சத்தத்தைக் கரகரக்க வைத்துவிட்டு, ட்ரம்ஸை நன்றாக இறுக்கி அடிக்கும்படி ஃபேர்கலிடம் கேட்டாராம். அந்தப் பாட்டுக்கு அவர் கேட்ட இரண்டு விடயங்களில் ஒன்று ட்ரம்ஸ்.

இப்போது பாட்டைத் திரும்ப ஒருமுறை போட்டுக் கேளுங்கள், குரலைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு ட்ரம்ஸை மட்டும் கேளுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 84 அடிதான், ஆறுதலாக நடக்கும் வேகம். கோபமான பாட்டு என்றால் வேகமாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிற எவனும் இந்த இடத்தில் ஓடத் தொடங்கிவிடுவான். ஃபேர்கல் ஓடவில்லை. சரணத்தில் அடக்கி வாசிக்கிறார், குரலுக்கு இடம் விடுகிறார், பல்லவி வரும்போது அதே வேகத்தில், ஒரு இழை கூடக் கூட்டாமல், அடியின் கனத்தை மட்டும் ஏற்றுகிறார். கிக் என்ற பெரிய ட்ரம்மும் ஸ்நேயர் என்ற சின்ன ட்ரம்மும் நெஞ்சில் வந்து விழுகின்றன, சிம்பல் தகடு மேலே விரிகிறது. மெல்ல நடந்துகொண்டே இவ்வளவு கோபத்தைக் காட்டமுடியும் என்பதை நான் அந்தப் பாட்டில்தான் கேட்டேன். வேகமாக அடிக்க யாரும் ஆறு மாதத்தில் பழகிவிடலாம். வேகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பலத்தை ஏற்றி இறக்குவதற்கு வருடக்கணக்கான பழக்கம் வேண்டும், கை தன்னை அறியாமலே முன்னே ஓடும், அதை மறித்து வைக்கவேண்டும்.

லண்டனில் இருந்த மச்சான் அனுப்பிய கசெட்டில் இந்தப் பாட்டு எங்கள் வீட்டுக்கு வந்த யுத்த காலம் எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கரண்ட் இல்லை, பற்றறி போட்டுக் கேட்டோம். வரிகளில் பாதி எங்களுக்கு விளங்கவில்லை. அடி விளங்கியது. பல வருடம் கழித்து அந்தப் பாட்டின் வீடியோவைப் பார்த்தபோது, வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் தெருக்களில் துவக்கோடு இராணுவக்காரர்கள் நடக்க அவர்களைச் சுற்றிப் பையன்கள் மதிலில் ஏறிக் குதித்து விளையாடுகிறார்கள். இராணுவச் சென்றிப் பொயின்ட்டைத் தாண்டிப் பாடசாலைக்குப் போய்வந்த எங்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. அந்த வீடியோ 2020இல் யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளைத் தாண்டியது. 2023 செப்டெம்பரில் பாரிசில் ரக்பி உலகக் கிண்ணப் போட்டியில் அயர்லாந்து தென்னாபிரிக்காவை வென்ற இரவு, மைதானம் முழுக்க அயர்லாந்து ரசிகர்கள் இதையே பாடினார்கள்.

ஃபேர்கல் எப்படிப்பட்ட வாசிப்புக்காரர் என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிடவும் முடியாது. ‘லிங்கர்’ பாட்டில் வயலின்கள் நிறைந்திருக்கும், அங்கே அவர் இருப்பதே தெரியாத அளவுக்கு ஒதுங்கி வாசிக்கிறார். ‘ட்ரீம்ஸ்’ பாட்டில் ஒரு துள்ளல். 1996இல் வந்த ‘சல்வேஷன்’ மூச்சுவிட நேரம் தராமல் ஓடும். ஒரே கைதான், ஒவ்வொரு பாட்டிலும் அது வேறு ஆள் போலக் கேட்கிறது. தனியாவர்த்தனம் வைத்துக் கைதட்டு வாங்குகிற இனம் அவர் இல்லை, அதனால்தான் சிறந்த ட்ரம்ஸ்காரர்கள் பட்டியல் போடுபவர்கள் அவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1994இல் வந்த இரண்டாவது தொகுப்புதான் அவர்களுடைய உச்சம், அமெரிக்காவில் மட்டும் எழுபது இலட்சம் பிரதிகளுக்குச் சான்று பெற்றது. 1996, 1999, 2001 என்று தொகுப்புகள் தொடர்ந்து வந்தன. 2003இல் ஓய்வு என்று பிரிந்தார்கள், அந்த இடைவெளியிலும் ஃபேர்கல் ஸ்டிக்கைக் கீழே வைக்கவில்லை, தி லோ நெற்வேர்க் என்ற வேறொரு குழுவில் வாசித்தார். 2009இல் நால்வரும் மீண்டும் சேர்ந்தார்கள், 2012இல் புதுத் தொகுப்பு, 2017இல் பழைய பாட்டுகளை அயர்லாந்தின் சேம்பர் ஓர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து மென்மையாக்கி வாசித்த ஒரு தொகுப்பு. இத்தனை வருடத்திலும் ஆள் மாறவில்லை, அதே நால்வர். நம்மூரில் ஒரு இசைக்குழு ஐந்து வருடம் ஆள் மாறாமல் நின்றால் அதிசயம், இது எவ்வளவு பெரிய காரியம் என்று குழு நடத்தியவர்களுக்குத் தெரியும்.

2018 ஜனவரி 15ஆம் திகதி டொலோரஸ் லண்டனில் காலமானார், 46 வயது. உங்கள் கட்டுரை அங்கேயே முடிந்துவிட்டது. என்னைக் கேட்டால் ஃபேர்கல் லோலர் என்ற ட்ரம்ஸ்காரரின் வாழ்க்கையில் மிகக் கடினமான வேலை அதற்குப் பிறகுதான் வந்தது.

டொலோரஸ் இறக்குமுன் நோயலோடு சேர்ந்து புதுப் பாட்டுகளுக்கு வேலை செய்திருந்தார், மாதிரிப் பதிவுகளில் அவருடைய குரல் இருந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதே ஸ்டீபன் ஸ்ட்ரீட்டோடு, 2018இல் லண்டனில் அந்தக் குரலைச் சுற்றி மூவரும் வாசித்து முடித்தார்கள். ஒலிப்பதிவுக்கூடம் பக்கம் போய்வந்தவர்களுக்கு வழக்கமான ஒழுங்கு தெரிந்திருக்கும்: முதலில் ட்ரம்ஸ், அதன்மேல் பேஸ், பிறகு கிற்றார், கடைசியாகத்தான் பாடுபவர் வந்து நிற்பார். இங்கே குரல் முன்னமே பதிவாகி இருக்கிறது. அந்தக் குரல் ஒரு இடத்தில் கொஞ்சம் இழுத்திருந்தாலும் முந்தியிருந்தாலும், அக்கா இன்னொருக்கா பாடுங்கோ என்று கேட்கமுடியாது. ஒவ்வொரு மூச்சும் எங்கே எடுக்கப்பட்டது, எந்தச் சொல் எங்கே விழுகிறது என்று கேட்டுக் கேட்டு, அதன் அடியில் தாளத்தைக் கொண்டுபோய் வைக்கவேண்டும். இருபத்தெட்டு வருடம் பின்னால் உட்கார்ந்து அந்த முதுகைப் பார்த்து வாசித்த மனிதர், ஹெட்போனில் குரல் மட்டும் வர, முன்னால் ஆள் இல்லாமல் வாசித்தார். அப்படி வந்த ‘இன் தி எண்ட்’ தொகுப்பு அடுத்த கிராமி விருதுக்குச் சிறந்த றொக் தொகுப்பு என்ற பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. அதோடு, டொலோரஸ் இல்லாமல் அந்தப் பெயரில் தொடரப்போவதில்லை என்று சொல்லி மூவரும் குழுவை முடித்துக்கொண்டார்கள்.

அந்தத் தொகுப்பு வெளிவந்தது 2019 ஏப்ரல் 26. அதற்கு ஐந்து நாள் முன்னர், ஈஸ்டர் ஞாயிறு காலையில், எங்கள் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் இறந்தார்கள். இரண்டு சம்பவத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் வொரிங்டனில் இறந்த பையன்களுக்காக இறுக்கி அடிக்கப்பட்ட அந்தப் பாட்டை அந்த வாரத்தில் கேட்கப் போய், முதல் பல்லவி வருமுன்னமே நிறுத்திவிட்டேன்.

சரி, இதையெல்லாம் ஏன் மட்டக்களப்பிலிருந்து ஒருவன் எழுதவேண்டும்? ட்ரம்ஸ்காரர் பின்னணி ஆள் என்று வேறு எந்த ஊர்க்காரரும் எழுதலாம், நாம் எழுதக்கூடாது. எங்கள் கூத்தைப் பாருங்கள். வந்தாறுமூலையோ கன்னன்குடாவோ சீலாமுனையோ, எந்த ஊரில் கூத்துப் போட்டாலும் கூத்துக்குத் தலைவர் யார்? அண்ணாவியார். அவர் கையில் என்ன இருக்கிறது? மத்தளம். கூத்தைத் தெரிவு செய்கிறவர், யாருக்கு எந்தப் பாத்திரம் என்று சட்டம், அதாவது பாட்டு ஏடு, கொடுக்கிறவர், மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்குகிறவர், அரங்கேற்றத்தன்று களரி என்ற ஆடுகளத்துக்குள்ளேயே மத்தளத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர் அவர்தான். திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்று வாசிப்பதில்லை. இராசா வேசம் கட்டினவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அண்ணாவியாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் சலங்கை கட்டுவார்.

எங்கள் ஊரில் ஒரு வயதான அண்ணாவியாரின் பக்கத்தில் சல்லாரித் தாளம் பிடித்து நின்ற காலம் எனக்கு இருக்கிறது. பாத்திரம் களரிக்குள் வந்து வரவு ஆடும்போது அவர் கூத்தரின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். குனிந்து காலைப் பார்த்தபடி, வாயால் தாளக்கட்டைச் சொல்லிக்கொண்டு, கூத்தர் நகர நகர அவரும் களரியைச் சுற்றி நகருவார், மிதி சற்றுப் பிந்தினால் விரல் அதற்குக் காத்திருக்கும், தாளம் தீர்க்கும் இடம் வந்ததும் இரண்டு பேரும் ஒரே அடியில் வந்து நிற்பார்கள், களரியைச் சுற்றி இருந்த சனம் அப்படியே ஒரு சத்தம் போடும். ‘வாயப் பாக்காத மனே, காலப் பாத்து அடி’ என்று எனக்குச் சொல்லித் தந்தார். பல வருடம் கழித்து ட்ரம்ஸில் உட்கார்ந்தபோது எனக்குக் கைகொடுத்த பாடம் அதுதான். பாடுபவரின் தோள் எப்போது ஏறுகிறது, எங்கே மூச்சு எடுக்கப்போகிறார் என்று பார்த்து அடிக்கவேண்டும். லிமெரிக்கில் ஃபேர்கலும் அதைத்தான் செய்திருக்கிறார் என்பது அந்தப் பதிவுகளைக் கேட்டால் தெரிகிறது.

இவ்வளவு பெரிய மரபு இருந்தும், இன்று கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரைக்கும் கோயில் திருவிழா இன்னிசை நிகழ்ச்சிகளில் நடப்பது வேறு. நோட்டீசில் பாடகர்களின் படம், பிறகு அறிவிப்பாளரின் படம், பந்தல், ஒலி, ஒளி போட்டவர்களின் பெயர் எல்லாம் இருக்கும். ட்ரம்ஸ், தபேலா, ஒக்டபாட் என்ற மின்னணுத் தாளக்கருவி வாசிப்பவர்களின் பெயர் இருக்காது. ஒருமுறை ஒரு ஊரில் நிகழ்ச்சி முடிந்து மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது, பொன்னாடை போர்த்தியவரின் பெயர்கூட இருந்தது, மூன்றரை மணித்தியாலம் நிற்காமல் வாசித்த எங்கள் நால்வரின் பெயரும் இல்லை. சம்பளமும் அப்படித்தான், பாடுபவருக்குப் பேசி முடித்த பிறகு மிஞ்சுவதுதான் எங்களுக்கு. ஒக்டபாட்டில் எல்லாச் சத்தமும் வருகிறதே, பிறகு ஏன் ட்ரம்ஸ் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள், வான் கூலி வேறு என்று கேட்கிறார்கள். ஒக்டபாட்டை நானும் வாசிக்கிறேன், நல்ல கருவி, அதன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அடக்கி அடிப்பதையும் இறுக்கி அடிப்பதையும் ஒரு பிள்ளை தோலிலும் தகட்டிலும்தான் பழகவேண்டும். நேரடியாக ஒக்டபாட்டில் தொடங்குகிற பிள்ளைகள் எல்லா அடியையும் ஒரே பலத்தில் அடிப்பதை நான் பார்த்துக்கொண்டு வருகிறேன், திறமை இருந்தும் இப்படிப் போகிறதே என்று கவலையாக இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. ஒரு கூத்து அரங்கேறினால் செய்தியில் அண்ணாவியாரின் பெயரோடு மத்தளம், சல்லாரி வாசித்தவர்களின் பெயரையும் போடுங்கள். இசை நிகழ்ச்சி என்றால் தாளக்கருவி வாசித்தவர்களின் பெயரைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லி உங்கள் நிருபர்களுக்குச் சொல்லுங்கள், ஒரு வரி போதும். இடம் இருந்தால், கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, சுற்றியுள்ள ஊர்களில் இன்னும் மத்தளத்தைக் கீழே வைக்காத அண்ணாவிமார் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரையும் ஒரு ட்ரம்ஸ்காரத் தம்பியையும் அல்லது தங்கச்சியையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கதைக்கவிட்டு அதை ஞாயிறு இதழில் போடலாம். கிரான்பெரீஸ் பற்றி எழுதிய அதே கட்டுரையாளரே வந்து எழுதினாலும் சந்தோசம், அவருக்கு நல்ல கை இருக்கிறது.

அதுவரைக்கும், அடுத்த வாரம் திருத்தம் என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது போடுங்கள்: கிரான்பெரீஸ் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் ஃபேர்கல் லோலர், கிற்றார் நோயல் ஹோகன், பேஸ் கிற்றார் மைக் ஹோகன்.

இப்படிக்கு,
இசைக்குழு ஒன்றில் ட்ரம்ஸ் வாசிக்கும் வாசகர்,
பெரியகல்லாறு.